பசியின் முகம்: ஒரு திருத்தம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அது வீரபாண்டியில் என் வீட்டு காலிங் பெல்லை அடித்து, உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என்னைத் திட்டியது. ஆகவே தன்மையில் எழுதுவதுதான் நியாயம். எழுதியும் பார்த்தேன். 'நான்' என்று தொடங்கியதும் என்னை நல்லவனாகக் காட்டும் வேலையில் கை தானாக இறங்கிவிடுகிறது. இரண்டாம் பத்தியிலேயே எனக்கே என் மேல் கண் கலங்கிவிட்டது.

அதனால் 'அவன்'. பெயர் வேல்குமார். [என் பெயரும் அதுதான். பெரிதுபடுத்த வேண்டாம்.]

2

தொடக்கம், முதல் வரைவு: "நூலும் சாயமும் கலந்த நகரத்தின் விடியலில், தோளில் கேமராவுடன் ஒரு கலைஞன்..."

வேண்டாம். விடியலில் வேல்குமார் தூங்கிக்கொண்டிருப்பான்.

இரண்டாம் வரைவு: வேல்குமார் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறான். தைத்து வரும் டி-ஷர்ட்டுகளில் ஓட்டை, கறை, கோணல் தையல் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. 2010இல் ஒரு கேமரா வாங்கினான். அந்த வாரமே ஒரு வலைப்பூவும் தொடங்கினான். பெயர் 'ஒளி நெய்பவன்'. [சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.]

ஞாயிறுதோறும் ஒரு படம், அதற்கு ஒரு தலைப்பு. கல்யாணம் நடந்த வாரத்தைத் தவிர பதினைந்து வருடமாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை. எல்லோரும் வலைப்பூக்களைப் பூட்டிவிட்டு வேறு இடங்களுக்குக் குடிபோன பிறகும் அவன் மட்டும் காலியான தெருவில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதினேழு பேர் வருவார்கள். அதில் ஆறு பேர் அவனே.*

* கன்னையன் என்றொரு வாசகர் எல்லாப் பதிவுக்கும் 'அருமை' என்று எழுதுவார். ஒருமுறை படத்தை ஏற்ற மறந்து வெறும் பக்கம் வெளியானது. அதற்கும் 'அருமை'.

3

ஒரே ஒரு படம் ஊரைத் தாண்டிப் போனது. 2013இல் முதலிபாளையம் தொழிற்பேட்டை வாசலில், டீ இடைவேளையில் எடுத்தது. ஒரு பெண் பன்னைக் கடிக்கிறாள். கண்ணில் நீர் மினுங்குகிறது. தலைப்பு: 'பசியின் முகம்'.

கோயமுத்தூரில் ஒரு போட்டியில் அதற்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. அதன் பிறகு மூன்று மாதம் வேல்குமார் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கலைஞர்கள் அப்படித்தான் என்று மனைவி அனுப்ரியாவிடம் சொன்னான். அவள் அப்போது கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். தொடர்ந்து ஆய்ந்தாள்.

4

வலைப்பூவின் மூலையில் 'கல்யாண ஆர்டர்களுக்கு' என்று ஒரு போன் நம்பர் உண்டு. பதினைந்து வருடத்தில் முதல்முறையாக அதற்கு ஓர் அழைப்பு வந்தது. நேரில் வந்து பேச வேண்டும் என்றார் ஒரு பெண். வேல்குமார் சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தான்.

வந்தவர் கல்யாணப் பத்திரிகை எதையும் எடுக்கவில்லை. போனில் அந்தப் படத்தை எடுத்து நீட்டினார்.

"இது நாந்தாண்ணே. பேரு நாகஜோதி."

அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். இப்போது ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நாற்பது மிஷின் அவர் பார்வையில் ஓடுகிறது.

"எம் மக ஜோதிகா காலேஜ்ல ரெண்டாவது வருசம் படிக்கிறா. வகுப்புல ஒருத்தன் வறுமையைப் பத்திப் பேசுறேன்னு இந்தப் படத்தத் திரையில போட்டிருக்கான். இவ 'ஐயோ, எங்கம்மா'ன்னு கத்திட்டா. அன்னையில இருந்து பிள்ளைக எல்லாம் தன் டிபனை இவகிட்ட நீட்டுதுக. நாலு நாளா காலேஜுக்குப் போக மாட்டேங்குறா."

"அது வந்துங்க... அது ஒரு கலைப் பார்வைங்க," என்றான் வேல்குமார்.

"அன்னிக்கு எனக்குப் பசியே இல்லண்ணே. ஹெல்பரா இருந்தவள அன்னிக்குத்தான் டெய்லரா ஏத்துனாங்க. நானும் விஜயராணியும் அதுக்குத்தான் பன் வாங்கித் தின்னோம். அது எனக்கு மூணாவது பன்."

"கண்ணுல தண்ணி இருந்துச்சுங்களே?"

"சிரிச்சு வந்த தண்ணி. எங்க மேனேஜர் மாதிரி விஜயராணி நடந்து காமிச்சா." நாகஜோதி படத்தை விரலால் பெரிதாக்கினார். "ஆமா, எம் பக்கத்துலதான நின்னா. அவ எங்க?"

வேல்குமார் காலித் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தான்.

"ஏனுங்க, அக்கா கேக்கறாங்கல்ல," என்றாள் அனுப்ரியா.

5

இந்த இடத்தில் அவனைக் காப்பாற்ற ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன்: "எடுத்து முடித்த கணத்திலேயே ஒரு படம் எடுத்தவனுக்கும் சொந்தமில்லை, எடுக்கப்பட்டவருக்கும் சொந்தமில்லை..." அனுப்ரியா படித்துப் பார்த்துவிட்டு, "அப்பறம் எதுக்குங்க எல்லாப் படத்து மூலையிலயும் உங்க பேரப் போட்டு வெச்சிருக்கறீங்க?" என்றாள். பத்தி போய்விட்டது.

விஷயம் இதுதான். விஜயராணியை வேல்குமார் வெட்டிவிட்டான். முழுப் படத்தில் வலது பாதி அவர்தான்: இடுப்பில் கை, முன்னால் தள்ளிய வயிறு, வாய் நிறையப் பன்னும் சிரிப்பும். அந்தச் சிரிப்பு பக்கத்தில் இருந்தால் பசி செல்லுபடியாகாது. அவனுக்குப் பசி தேவைப்பட்டது.

[விஜயராணியைச் சாகடித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். செத்துப்போன தோழியின் சிரிப்பு என்றால் கதைக்கு ஒரு கனம் வரும். பிறகுதான் அதுவும் அதே கத்தரிக்கோல் வேலை என்று புரிந்தது. அவர் பல்லடத்தில் நன்றாக இருக்கிறார்.]

6

வேல்குமார் பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்து முழுப் படத்தைத் திறந்தான். நாகஜோதி வெகுநேரம் பார்த்தார். பிறகு விஜயராணியை வீடியோ காலில் பிடித்து, போனைக் கம்ப்யூட்டருக்கு நேராகக் காட்டினார்.

"நல்லாத்தானடி இருக்கேன்," என்றது போன். "என்னைய எதுக்கு வெட்டுனானாம் அந்த எடுபட்ட பய?"

எடுபட்ட பயல் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுநூறு படங்களை நினைத்துக்கொண்டிருந்தான். 'தனிமை', 'காத்திருப்பு', 'தொலைந்தவர்கள்'. பஸ்ஸுக்கு நின்றவர்களை எல்லாம் தொலைந்தவர்கள் ஆக்கியிருக்கிறான். ஒருவரிடமாவது எங்கே போகிறீர்கள் என்று கேட்டதில்லை.

7

முடிவு ஒன்று: வேல்குமார் வலைப்பூவையே அழித்துவிடுகிறான். எழுதிப் பார்த்தேன், கம்பீரமாக இருந்தது. ஆனால் "அழிச்சரட்டுங்களா?" என்று அவன் கேட்டதும் நாகஜோதி பதறிவிட்டார். "அழிச்சுராதீங்க. அவளும் நானும் சேந்து இருக்குற படம் வேற இல்ல."

முடிவு இரண்டு: அவன் மன்னிப்புக் கேட்கிறான், அவர் மன்னிக்கிறார். முதல் பாதி மட்டும் நடந்தது. "மன்னிச்சுட்டேன்னு எழுதிப் போட்டுறாதீங்க. எம் மக காலேஜுக்குப் போகட்டும், பெறகு பாப்போம்," என்றார்.

நடந்தது இது. முழுப் படம் ஏறியது. 'பசியின் முகம்' போயிற்று. என்ன எழுத வேண்டும் என்று நாகஜோதி சொல்லச் சொல்ல வேல்குமார் தட்டச்சு செய்தான்: "நாகஜோதியும் விஜயராணியும் பன் தின்கிறார்கள். நாகஜோதி டெய்லர் ஆன நாள். கேட்காமல் எடுத்தது."

"அந்தக் கடைசி வரி வேணுங்களா?"

"இருக்கட்டும்ணே."

அப்போதே இணைப்பை மகளுக்கு அனுப்பினார். ஜோதிகா அதைத் திறந்து பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் ஒன்றும் வரவில்லை.

8

நாகஜோதி கிளம்பினார். வாசலில் ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தார், மற்றக் கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் சரியாக அவர் முகத்தில் விழுந்தது. வேல்குமாரின் கை பழக்கதோஷத்தில் கேமராவுக்குப் போய், பாதியில் நின்றது.

"ஏனுங்க, உங்கள ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?"

பதினைந்து வருடத்தில் அவன் அப்படி யாரிடமும் கேட்டதில்லை. நாகஜோதி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தெளிவாக ஒரு பதில் சொன்னார்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதலாமா என்று அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை.