வெள்ளைத் தாளில் வாங்கிய கையெழுத்து

மேலப் பாவடித் தெருவில் மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று வீடுகள். தெரு நலச் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாக நான் செயலாளர். ஒரு மனு கொடுக்க வேண்டுமென்றால் அத்தனை வீட்டிலும் கையெழுத்து வாங்கியாக வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் விசைத்தறியில் பகல் ஷிப்ட், பாதிப் பேர் ராத்திரி ஷிப்ட். ஒருவர் வீட்டில் இருக்கும்போது இன்னொருவர் இருக்கமாட்டார். ஒரு சாக்கடை மனுவுக்காகப் பதினேழு நாள் அலைந்த பிறகு, அந்த யோசனையை நான்தான் சொன்னேன். பொங்கலுக்கு மறுநாள் விளையாட்டுப் போட்டிக்குத் தெருவே கூடும். அன்றைக்கே வெள்ளைத் தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் வருஷம் முழுவதற்கும் ஆகும். மேலே மனு எழுதிய தாள், கீழே கையெழுத்துத் தாள், மூலையில் ஒரு பின்.

யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. "தங்கலட்சுமியக்கா வாங்குனா நல்லதுக்குத்தான் இருக்கும்" என்று போட்டுவிட்டுக் கயிறு இழுக்கப் போய்விடுவார்கள். வருஷத்துக்கு நான்கு செட் வாங்கி ஃபைலில் வைப்பேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் கோபப்படுகிற இடத்தில், இவள் மட்டும் ஒழுங்கா என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

ஆவணி மாதம் நகராட்சி ஓர் அறிவிப்பு ஒட்டியது. வெளியூரிலிருந்து வந்து இங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு ஊரில் எந்தெந்த இடத்தில் விடுதி அமைக்கலாம் என்று மக்களிடம் கருத்துக் கேட்கப்போகிறார்கள். பையன்களுக்கு இரண்டு இடம் போட்டிருந்தது. பந்தல்குடி ரோட்டில் ஒன்று, பைபாஸ் தாண்டி ஒன்று. பெண்பிள்ளைகளுக்கு எங்கள் தெருக் கோடியில் பூட்டிக் கிடக்கிற பழைய பள்ளிக்கூடக் கட்டடம். சுவர் கெட்டியான சுவர். வளாகத்தில் கிணறு இருக்கிறது. கல்லூரிக்கு நடந்தே பத்து நிமிஷம். கூரையையும் கழிப்பறையையும் சரிசெய்தால் கார்த்திகையில் நாற்பது பேர் தங்கலாம் என்று எழுதியிருந்தது.

அந்தக் 'கார்த்திகை' என்ற சொல்லில் விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள் ரேணுகாதேவி.

என் தையல் கடை திருச்சுழி ரோட்டு பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே. நரிக்குடி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் வெயிலுக்கு என் கடைக்குள் வந்துவிடுவார்கள். அப்படிப் பழக்கமானவள்தான் ரேணுகா. கணிதம் இரண்டாம் வருஷம். நரிக்குடிக்கு முன்னால் ஒரு விலக்கில் இறங்கி, மண்பாதையில் மூன்று கிலோமீட்டர் நடந்தால் அவள் ஊர். போன வருஷம் மழையில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து அந்தப் பாதையில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. இருபத்தொரு நாள் அவளால் வர முடியவில்லை. வருகைப் பதிவு குறைந்து, கெஞ்சிக் கூத்தாடித்தான் பரீட்சை எழுதினாள். இந்த வருஷமும் அப்படியானால் எழுத விடமாட்டோம் என்று கல்லூரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். "பரீட்ச எழுத முடியலேன்னா அப்புறம் எதுக்குப் படிப்பு, நின்னுக்கோ" என்று அவள் அப்பாவும் சொல்லிவிட்டார்.

"அக்கா, உங்க தெருக்காரவுக சம்மதிப்பாகளா?" என்று கேட்டாள்.

"சம்மதிக்காம? பூட்டிக் கெடந்து பாம்பு அடையுற எடம். நீ அப்பாவையும் கூட்டிக்கிட்டுக் கூட்டத்துக்கு வா. நான் பேசுறேன்" என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

கூட்டம் புரட்டாசி முதல் புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு, நகராட்சி அரங்கில். ரேணுகா வகுப்புக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் அப்பா நல்லமுத்து ஆடு மேய்க்கிறவர், கொஞ்சம் கண்மாய்ப் பாசன வயலும் உண்டு. மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் முனையில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் எழுந்தவர் ஜவுளிக்கடை மன்சூர் அலி. சவூதியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

"சார், நான் தம்மாமுல ஒரே ரூமுல பன்னெண்டு பேரோட ஒம்போது வருசம் கெடந்தவன். தங்குற எடம் சரியில்லேன்னா மனுசன் என்ன ஆவான்னு எனக்குத் தெரியும். பயலுகளப் பைபாஸுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போடாதீக. பஸ்ஸு நிக்காது, டீக்கட கெடையாது. ஆட்டக் கொண்டுபோய் அங்க கட்டுனாக்கூட அவுத்துக்கிட்டு ஊருக்குள்ள வந்துரும்."

அரங்கு சிரித்தது. நல்லமுத்துவும் சிரித்தார்.

அடுத்து எழுந்தவர் எங்கள் சங்கத் தலைவர் காளிராஜ். அவர் வீட்டு மாடியில் ஆறு அறை கட்டிக் கல்லூரிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். பக்கத்துக் காலிமனையில் பெண்பிள்ளைகளுக்கும் அதேபோல் கட்டப் போகிறார் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கமே விடுதி நடத்தினால் அவர் அறைக்கு யார் வருவார்கள்?

"பொம்பளப் பிள்ளைக நமக்குப் பகையா? நம்ம பிள்ளைக மாதிரிதான்" என்று ஆரம்பித்தார். "அதுக்காகத்தான் சொல்றோம். எங்களது தறிக்காரத் தெரு. நேரங்கெட்ட நேரத்துல ஆம்பளைக வேல முடிச்சு வருவாக. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? இந்த ஆஸ்டலையும் பைபாஸ் பக்கமே போட்டுருங்க. நல்லா காத்தோட்டமா இருக்கும்."

"அண்ணாச்சி, ஒங்க மாடியில ஆறு ரூமுக்குள்ள முப்பது பயலுக இருக்காகளே, அவுகளுக்குக் காத்து வேணாமா?" என்றார் மன்சூர் அலி.

காளிராஜ் காது கேட்காதவர்போல் ஒரு மனுவை எடுத்து மேசையில் வைத்தார். கூட்டத்தை நடத்திய நகராட்சி அதிகாரி வாங்கி வாசித்தார்.

"மேற்படி கட்டடத்தில் மாணவியர் தங்கினால் தெருவின் ஒழுக்கமும் அமைதியும் கெடும் என்பதால், மேலப் பாவடித் தெருவின் நூற்று நாற்பத்து மூன்று குடும்பத்தாரும் ஒருமனதாக ஆட்சேபிக்கிறோம்." தாளைப் புரட்டினார். "காளிராஜ், தலைவர். தங்கலட்சுமி, செயலாளர். மூக்கம்மாள். முனீஸ்வரன்..."

அது தையில் நான் வாங்கி வைத்த தாள். என் ஃபைல். சங்க அலமாரி காளிராஜ் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறது. சாவி இரண்டு, அதில் ஒன்று அவரிடம்.

ஒழுக்கமாம். ஆறு வருஷமாக முப்பது பையன்கள் தெருவில் பைக்கை முறுக்கிக்கொண்டு போகிறார்கள், அப்போதெல்லாம் கெடாத ஒழுக்கம், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்பது பெண்பிள்ளைகள் வந்தால் கெட்டுப்போகுமாம். அதற்கு என் கையெழுத்து. வீட்டுக்குள்ளேயே தறிக்குத் தார் நூல் சுற்றிப் பிழைத்து, மகளைப் படிக்கவைத்த மூக்கம்மாளின் கையெழுத்து.

ரேணுகா என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்களுமா போட்டிருக்கீக?"

நான் பதில் சொல்வதற்குள் நல்லமுத்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரி தாயி, போவோம். ஒரு தெருவே வேணாங்குது. அங்க போயி நீ எப்பிடி இருப்ப? படிச்சவரைக்கும் போதும்."

நான் எழுந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த காளிராஜ் என் நாற்காலிப் பக்கம் குனிந்து, அடிக்குரலில் சொன்னார்.

"ஏத்தா, உக்காரு. தண்ணி மனுவுக்குப் பின்னால பின் குத்தியிருக்கதும் இதே வெள்ளைத் தாளுதான். நீ வாயத் தெறந்தா அதுவும் போச்சு. பைப்பு தெருமுனை வரைக்கும் வந்துருச்சு, பாத்துக்க."

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் அவ்வளவு தைரியம் அவருக்கு. எட்டு நாளுக்கு ஒரு லாரித் தண்ணீர் பிடித்துக் குடிக்கிற தெரு எங்களுடையது. அந்தக் குழாய்க்காக மூன்று வருஷம் நான் எழுதின மனுக்களை அடுக்கினால் தையல் மிஷின் உயரம் வரும். கடைசியாக ஒன்று பலித்து, பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதன் பின்னாலும் தை மாதத்துக் கையெழுத்துதான்.

நல்லமுத்து வாசல் வரை போய்விட்டார். ரேணுகா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சார்" என்றேன். "அந்தக் கையெழுத்து இந்த மனுவுக்கு வாங்கினது இல்ல. பொங்கலுக்கு மறுநாள் வெறும் தாள்ல நான் வாங்கி வச்சது. தாளத் திருப்பிப் பாருங்க. கீழ் மூலையில பென்சில்ல 'தை 2, மூன்றாம் செட்'னு எழுதியிருக்கும். அது என் எழுத்து."

அதிகாரி திருப்பினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு காளிராஜைப் பார்த்தார்.

"இந்த விடுதியப் பத்தி நாங்களே ஆவணியிலதான் முடிவு பண்ணினோம். உங்க தெருவுக்கு ஏழு மாசம் முன்னாடியே தெரிஞ்சு ஆட்சேபிச்சுட்டீங்களா?"

"ஜோசியக்காரத் தெரு சார்!" என்று யாரோ கத்தினார்கள்.

"சிரிக்காதீக" என்று எழுந்தார் காளிராஜ். முகம் கறுத்திருந்தது. "அந்தம்மா கொடுத்த தண்ணி மனுவ எடுத்துப் பாருங்க சார். அதுவும் இதே கததான். கேளுங்க."

அதிகாரி கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். பென்சில் எழுத்து அதிலும் இருக்கிறது என்பதால் அல்ல, அந்தப் பெண் செருப்பை ஒரு காலில் மாட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றதால் சொல்லத் தோன்றவில்லை.

"ஆமா சார். அதுவும் வெறும் தாள்ல வாங்கினதுதான்."

இரண்டு மனுவையும் அதிகாரி ஒதுக்கி வைத்தார். "கையெழுத்துக்கு மேல, அதே தாள்ல, விஷயம் இருக்கணும். ஆதரவு, எதிர்ப்பு ரெண்டையும் தனித்தனியா வாங்கிட்டு வாங்க. தெருவுல பாதிக்கு மேல எந்தப் பக்கமோ அதுதான் தெருவோட கருத்து. தண்ணிக்கும் புதுசா மனு. பதினஞ்சு நாள் டைம்." அன்று மத்தியானமே குழாய் வேலை நின்றது.

மறுநாள் என் கடை வாசலில் காளிராஜின் சம்சாரம் பாண்டீஸ்வரி நின்று சத்தம் போட்டாள். "தண்ணி வாசலுக்கு வார நேரத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே! அந்த நரிக்குடிக்காரி ஒனக்கு என்ன ஒறவு?" அவளோடு நின்ற நாலு பேருக்கும் அதே கேள்வி. தாளைத் திருடியவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைவர் அல்லவா, அவருக்கு உரிமை உண்டாம். குழாய்க்குத் தோண்டிப் பாதியில் விட்ட பள்ளத்தைத் தாண்டுகிற ஒவ்வொருவரும் என் பெயரைச் சொல்லித்தான் தாண்டினார்கள்.

அலமாரியில் மிச்சமிருந்த நான்காவது செட்டை எடுத்து, ஒவ்வொரு தாளிலும் குறுக்கே கோடு போட்டேன். பிறகு மூன்று தாள்களோடு வீடு வீடாகப் போனேன்: தண்ணீருக்கு ஒன்று, விடுதி வேண்டும் என்பதற்கு ஒன்று, வேண்டாம் என்பதற்கு ஒன்று. எந்தத் தாளை நீட்டினாலும் முதலில் வாசித்துக் காட்டினேன்.

மூக்கம்மாள் ராட்டையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன வருசமாக் கையெழுத்துப் போடுறேன். இன்னைக்குத்தான் என்னத்துக்குன்னு வாசிச்சுக் காட்டுற."

நான் மூன்று தாளையும் அவள் முன்னால் விரித்து வைத்தேன்.

"தண்ணிக்குப் போடுறேன், குடு. ஆஸ்டலுக்குப் போடமாட்டேன்."

"நீங்களே இப்பிடிச் சொன்னா எப்பிடி மதினி?"

"லாரி வராத அன்னைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக் கெணத்துலதான் மொள்றோம். நாப்பது பிள்ளைகளும் வந்து குளிச்சா எங்களுக்கு என்ன மிஞ்சும்? அதக் கேட்டியா? ஒழுக்கம் கிழுக்கம்னு அவன் எழுதுனான். படிக்கிற பிள்ளைகன்னு நீ எழுதுற. கெணத்த யாரு எழுதுனது?"

கடைக்குப் போய் விடுதி மனுவைத் திருத்தி எழுதினேன். விடுதிக்குத் தனிக் குழாய் போட வேண்டும், காலை ஐந்திலிருந்து ஏழு வரை கிணறு தெருவுக்குத் திறந்திருக்க வேண்டும், வாசலில் பெரிய விளக்கு எரிய வேண்டும். வாங்கியிருந்த பதினான்கு கையெழுத்தையும் அடித்துவிட்டு முதல் வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். மூக்கம்மாள் இந்தத் தடவை ராட்டையை நிறுத்திவிட்டுப் போட்டாள்.

தண்ணீருக்கு நூற்று நாற்பத்து மூன்றும் வந்தது. காளிராஜ்கூடப் போட்டார், முகத்தைப் பார்க்காமல். விடுதிக்கு எண்பத்தொன்று. வேண்டாம் என்று முப்பத்தாறு. மீதி இருபத்தாறு வீட்டார், தண்ணீர் மனுவில் மட்டும் போட்டுவிட்டு, அடுத்த தாளை எடுத்ததும் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டார்கள். அந்த முப்பத்தாறு பேர்மேலே எனக்குக் கோபமில்லை, நின்று சொன்னார்கள். அடுப்பைப் பார்க்கப் போனவர்களைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பதினைந்தாவது நாள் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். விடுதி பட்டியலில் நிற்கும், கிணற்று நேரத்தையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். ரேணுகாவுக்காக விடுதியில் சேரும் பாரம் ஒன்றும் வாங்கி வந்தேன். கடையில் நல்லமுத்துவும் ரேணுகாவும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. நகல் தாள்களை அவரிடம் கொடுத்தேன். அவர் மகளிடம் கொடுத்தார்.

"வாசி தாயி."

"வேணும்னு போட்டவுகளையா அப்பா?"

"அவுகளப் பத்தி அங்க போயித் தெரிஞ்சுக்கலாம். வேணாம்னு போட்டவுகள வாசி."

அவள் வாசித்தாள். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். முடிந்ததும் மடக்கிய விரல்களை விரித்தார்.

"முப்பத்தாறு பேருதானா?" என்றார். "நம்ம ஊருலயே நமக்கு ஆகாதவுக இதவிடக் கூட இருப்பாகளே! எந்த எடத்துலம்மா அந்த ஆஸ்டல் பாரத்துல நான் கையெழுத்துப் போடணும்?"

பேனாவை எடுத்துக் கொடுத்தேன். உடனே வாங்கவில்லை அவர்.

"மொதல்ல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டுங்க" என்றார்.