துணி ஊசி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆம்பூரில் தோல் வியாபாரி மக்பூல் அகமது தன் வீட்டுப் பின்கட்டைத் தையல் வகுப்புக்கு ஒழித்துக் கொடுத்தபோதே சொன்னார்: "வஜீதா, வர்ற பொம்பளைங்க ஏற்கெனவே நொந்துபோய் வர்றவங்க. கொஞ்சம் பாத்துப் பேசு."

புருஷன் செத்தவர்கள், புருஷன் விட்டுப் போனவர்கள் என்று ஏழு பேர் வந்தார்கள். கோஷாத் திரையை விட்டு வெளியே போகாமல் நாலு காசு சம்பாதிக்க அவர்களுக்குத் தையல் கற்றுக்கொடுப்பது என் வேலை; எல்லோருக்கும் நான் 'ஆப்பா', அக்கா.

அதில் ஒருத்தி பில்கிஸ். ரங்கூனுக்குப் போன அவள் புருஷனிடமிருந்து மூன்று வருஷமாகக் கடுதாசி இல்லை. அவனுடைய இன்னொரு மனைவி முனவ்வர் பேகமும் அதே வீட்டில்தான், குளிர்காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள். இரண்டு பேர் வயிறும் பில்கிஸின் கையை நம்பி இருந்தது.

துணித் தையலில் பில்கிஸ் கெட்டிக்காரி. அந்த வருஷம் மெட்ராஸ் கடை ஒன்று தோலில் பணப்பைகள் கேட்டது. முதல் பையை அவளிடம்தான் கொடுத்தேன். ஊசி ஏறவில்லை. பல்லைக் கடித்து அமுக்கினாள். விரலில் ரத்தம் வந்தது, தோல் சுருங்கியது, நூல் நறுக்கென்று அறுந்தது.

"பிரி. பக்கத்துல புதுசா போடு" என்றேன்.

மூன்று வரிசை போட்டாள். மூன்று தடவையும் நூல் அறுந்தது. துணியில் தையலைப் பிரித்தால் துளை மறைந்துவிடும். தோலில் மறையாது. பை பாழ்.

"உனக்குக் கை வராது. வீணா என் உயிர எடுக்காத" என்றேன், அத்தனை பேர் முன்னால்.

அவள் பையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மறுநாள் தோல் பதனிடும் ஷாப்பில் ஆட்டுத்தோலிலிருந்து மயிர் பிடுங்கும் வேலையில் சேர்ந்துவிட்டாள்.

அதற்கு மறுநாள் செருப்புத் தைக்கும் ஆரோக்கியசாமி வார் கொடுக்க வந்தான். திரைக்கு வெளியே நின்றபடி, நான் நீட்டிய ஊசியைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாம்மா இது, துணி ஊசிய வெச்சிக்கினு தோலத் தைக்கிறீங்க? தோலுக்கு முப்பட்டை ஊசி வேணும்மா. முனை அறுத்துக்கினு போவும்."

அன்றே முப்பட்டை ஊசி வாங்கினேன். மற்றவர்களுக்குத் தையல் சுலபமாக ஓடியது. பில்கிஸுக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவளாக வருவாள் என்று விட்டுவிட்டேன். வேலைக்குப் போன பத்தாம் நாள் அவள் மணிக்கட்டில் கருப்பாக ஒரு கொப்புளம், ஆட்டுமயிரிலிருந்து தொற்றும் அடைப்பான். பதின்மூன்றாம் நாள் அவள் மையத்தை அடக்கம் செய்ய எடுத்துப் போனார்கள்.

அப்புறம்தான் அந்தச் சத்தம். நடுப்பகல் தொழுகை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஜன்னல் மூலையில், அவள் உட்காரும் பாயில் நூல் அறுந்தது. நறுக். சற்றுப் பொறுத்து மறுபடி. தினம் மூன்று தடவை. பாயைச் சுருட்டி வைத்தேன், நிற்கவில்லை. குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினேன், நிற்கவில்லை. பயத்தைவிட எனக்கு வெட்கம்தான் ஜாஸ்தி.

பில்கிஸுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து முனவ்வர் வந்தாள். கையில் அந்தப் பை.

"சாவற வரைக்கும் 'எனக்குக் கை வரல'ன்னுதான் பொலம்பிக்கினு கெடந்தா, ஆப்பா. எனக்காவது வருதான்னு பாருங்க. இல்லன்னா நானும் ஷாப்புக்குத்தான் போவணும்."

பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்று வரிசைத் துளைகள். கோடு போட்டாற்போல நேர், இடைவெளி எள்ளளவும் பிசகவில்லை. அன்றைக்கு என் பாழாய்ப்போன கண் அறுந்த நூலை மட்டும்தான் பார்த்தது.

"அவ கைமேல தப்பில்ல, முனவ்வர். நான் குடுத்த ஊசிதான் தப்பு."

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "அவ ஷாப்புக்குப் போன மறுநாளு" என்றேன்.

 முனவ்வர் நான் சுருட்டி வைத்த பாயைத் தானே விரித்து மூலையில் உட்கார்ந்தாள். நான் நீட்டிய முப்பட்டை ஊசியைத் தள்ளிவிட்டு, பில்கிஸுக்குக் கொடுத்த துணி ஊசியையே கேட்டு வாங்கினாள். பில்கிஸ் போட்ட துளைகள் வழியாகவே நூலை விட்டுத் தைத்தாள். கடைசி வரை நூல் அறுந்துபோகவில்லை. எழுந்து வந்து பையை என் மடியில் வைத்தாள்.

"கோணலா இருக்குதா, ஆப்பா?"

"இல்ல. நேரா இருக்குது."

"நாளைலேர்ந்து வர்றேன், புது ஊசியக் குடுங்க. ஆனா நேரா இருக்குதுன்னு ஏன் என்கிட்ட சொல்றீங்க?" காலிப் பாயைக் காட்டினாள். "அவகிட்ட சொல்லுங்க."

பாயின் பக்கம் திரும்பினேன். "பில்கிஸ், உன் கை நல்ல கை" என்றேன்.

பாயில் நூல் அறுந்தது. இதுவரை எனக்கு மட்டும் கேட்ட அந்த நறுக் இப்போது முனவ்வருக்கும் கேட்டது; திரும்பிப் பார்த்தாள்.