புற்றுமண் பொட்டு

வேல்ராஜின் பூக்கடைக்குப் பின்னால் ஒரு குளிர் அறை உண்டு. முகூர்த்தத்துக்கு வாங்கிப் போட்ட மல்லிகையும் பிச்சியும் வாடாமல் இருக்க அவன் கட்டியது. அதன் அடித்தட்டில், கழுத்து மட்டும் வெளியே தெரிய ஈரச்சாக்கு சுற்றி, மாரிக்கண்ணனின் ஒயின் பாட்டில் ஒன்று படுத்துக் கிடந்தது. வீட்டில் வைக்க முடியாது. அம்மா கண்ணில் பட்டால் தெரு கூடிவிடும். அதோடு சங்கரன்கோவில் வெயிலில் ஒயின் ஒரு கோடைகூடத் தாங்காது.

மாரிக்கண்ணனையோ அவன் மனைவி யோகலட்சுமியையோ குடிகாரர்கள் என்று சொல்ல முடியாது. லீவு சேர்ந்தால் நாசிக், பெங்களூருப் பக்கம் என்று ஏதாவது ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே ஒயின் செய்கிற இடத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றித் தருவதை ஆளுக்கு இரண்டு மடக்கு குடிப்பார்கள். ஊருக்கு வந்ததும் முகநூல் பக்கத்தில் அதைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பு வரும். எழுதுவது அவன். மூக்கு அவளுடையது. ஒயினைப் பற்றி எல்லோரும் எழுதுகிற பிளாக்பெர்ரிப் பழத்தை அவள் கண்ணால்கூடக் கண்டதில்லை. "தறிக்குப் பாவு நூல கஞ்சியில முக்கிக் காயப்போட்டா ஒரு வாசம் வருமே, அது" என்பாள். ஒரு வெள்ளை ஒயினை வாயில் வைத்துவிட்டு, "இது நம்ம கோயில் புத்துமண்ணுங்க" என்றாள். அவன் அப்படியே எழுதினான். படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவர்களுக்கு அவள் மூக்கின் மேல் நம்பிக்கை இருந்தது.

கடைசிப் பயணத்தில் அவனுக்குச் சளி. அங்கே புதிதாகத் திறந்து ஊற்றிக் கொடுத்த சிவப்பு ஒயின் அவன் நாக்கில் வெந்நீர் மாதிரி போனது. யோகலட்சுமி ஒரு மடக்கு குடித்தாள். கண்ணை மூடினாள். பிறகு தனக்குத்தானே சிரித்தாள்.

"என்னட்டி? சொல்லு, எழுதணும்லா."

"சொல்ல மாட்டேன். ஒங்க மூக்கு சரியாகட்டும். இதுலயே ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போய் ஊர்ல தொறப்போம். மொதல்ல நீங்க சொல்லணும். அப்புறந்தான் நான் சொல்லுவேன்."

ஊருக்கு வந்ததும் அந்தப் பாட்டிலின் கழுத்தில் பொட்டு வைத்தாள். கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்து வைத்த பொட்டு. பைக், பிரிட்ஜ், அவன் செல்போன் என்று எது புதிதாக வந்தாலும் அவளுக்கு அது முதல் வேலை. அந்த மாதமே காய்ச்சலில் படுத்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

முகநூல் பக்கம் அப்படியே நின்றுபோனது. அவன் அழவில்லை என்று உறவில் பேச்சு இருந்தது. வங்கி வேலைக்குப் போனான், வந்தான். அவள் சிரித்தது எதற்கு என்பது மட்டும் பாக்கி இருந்தது. அது அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது. வருடம் திரும்பட்டும் என்று அதைத் திறக்காமல் வைத்திருந்தான்.

தலைத்திவசம் முடிந்த மறுநாள் காலை, பூக்கடைக்குப் போனான்.

"ஏலே மாரி, வா வா. இன்னைக்கேவா? ஒரு வாரம் போவட்டுமேல" என்றான் வேல்ராஜ். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. யோகலட்சுமிக்கு மாலை கட்டியதும் அவன்தான்.

"இன்னைக்குத்தான்."

வேல்ராஜ் உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்து வந்து, ஈரச்சாக்கை அவிழ்த்து மேஜையில் வைத்தான். பொட்டு இருந்தது. வெளிவெக்கை பட்டதும் பாட்டில் வேர்த்தது. பொட்டு நனைந்து ஒரு கோடாக வழிந்தது.

மாரிக்கண்ணன் குனிந்தான். ஒயின் பார்க்கிறவனுக்கு முதலில் மூக்குதான் போகும்.

சந்தனம்.

கட்டைவிரலால் தொட்டு மறுபடி மோந்தான். சந்தனமேதான். கடை நிறைய மல்லிகை மணத்துக் கிடந்தும் அது தனியாக வந்தது. லேபிளைப் பார்த்தான். அதே தோட்டம், அதே பெயர். அடியில் சின்ன எழுத்தில், திராட்சை பறித்த வருடம் மட்டும் வேறு.

"இது அவ வச்ச பொட்டு இல்ல."

"என்னலே சொல்லுத?"

"அவ வச்சது புத்துமண்ணு."

வேல்ராஜ் அவிழ்ந்து கிடந்த பூப்பொட்டலத்தை எடுத்துக் கட்டத் தொடங்கினான். கட்டிய நூலையே திரும்பவும் கட்டினான்.

"மச்சினன் துபாய்ல இருந்து வந்திருந்தாம்லே. ஐஸ் எடுக்கப் போனவன் பாத்துட்டான். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அதுக்குள்ள தொறந்துட்டான்."

"நீ குடிச்சியா?"

"ஒரு கிளாஸ். பெறவு மனசு கேக்கல. பெங்களூருக்கு ஆள் விட்டு அதே கம்பெனி, அதே பேரு பாத்து வாங்கியாரச் சொன்னேன். வருசந்தான் வேற. ஒரு வருசத்துல என்னலே மாறிரப் போவுது?"

மாரிக்கண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. திவசத்தன்று பூக்கூடையோடு வந்து, பந்தியில் இலை போட்டு, "பாட்டில் பத்திரமா இருக்குலே" என்று தோளைத் தட்டியவன் இவன். தட்டிய இடம் மட்டும் தனியாகக் கனத்தது.

அந்த ஒயினைக் குடித்தவர்களில் அவனால் கேட்க முடிந்த ஆள் இவன் ஒருத்தன்தான்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

வேல்ராஜுக்கு உயிர் வந்தது. "அருமைலே. மொதல்ல பாவுக் கஞ்சி மாதிரி ஒரு வாசம். பெறவு, போவப் போவ, நம்ம புத்துமண்ணு…"

மாரிக்கண்ணனுக்கு அந்த வரிகள் தெரியும். அவனே எழுதியவை, அவள் வேறு ஒயின்களுக்குச் சொன்னவை.

"நெசத்தச் சொல்லு, வேலு."

பூவாங்க வந்த ஒரு பெண் படியில் நின்றாள். வேல்ராஜ் அவளைக் கையமர்த்திவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"சோடா ஊத்தித்தாம்ல குடிச்சோம். தொவர்ப்பா இருந்துச்சு. வேற ஒண்ணும் வெளங்கல."

மாரிக்கண்ணன் ஈரச்சாக்கை எடுத்துப் பாட்டிலின் கழுத்தைத் துடைத்தான். சந்தனம் போகிறவரை நிதானமாகத் துடைத்து, வேல்ராஜ் முன்னால் வைத்தான்.

"இது ஒன் பாட்டில்."

"ஏலே, மாரி. தப்புதாம்லே. அந்தப் பொட்டுக்கூட நான்… ஒனக்கு வருத்தமா இருக்கப்பிடாதுன்னுதாம்லே வச்சேன்."

மாரிக்கண்ணன் படியிறங்கினான். வங்கி திறக்கிற நேரம். ரதவீதி முனைவரை கட்டைவிரலில் சந்தனம் மணத்தது. ஒரு குழாயடியில் நின்று கழுவினான்.