மாப்பிள்ளையின் கட்டைவிரல்

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒன்பதாம் நம்பர் மருந்தைத் தொடும் யோகம் ஒரே ஒருவருக்குத்தான் வாய்த்திருந்தது. அவர் இயக்குநரின் மாப்பிள்ளை. மருந்து வைத்த குளிர்பெட்டியின் சாவி அவர் கழுத்தில் தொங்கும். மாமனார் அவருக்குப் போட்ட இரண்டாவது சங்கிலி அது.

அக்காவுக்குக் கிடைத்தது உப்புநீர். பதினோரு வருடமாக அங்கே செல் வளர்ப்பவள் அவள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அக்காதான். மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய, மருந்தே கலக்காத உப்புநீரை, செல் வளரும் தட்டின் பக்கத்துக் குழிகளில் விட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பெருமையில்லாத வேலை அவள் தலையில்.

விஷயம் இதுதான். ஏடிபி என்கிற சரக்கு செல்லுக்குள் இருக்கும்வரை அடுப்புக்கு எரிபொருள். வெளியே சிந்திவிட்டால் அதுவே ஆபத்துச் சேதி. அந்தச் சேதியைப் பிடிப்பதற்கென்றே மற்ற செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் காவல் நிற்கின்றன. ஒரு வகை பிடித்தால் வலி, இருமல். கண்ணின் மேலே இருக்கும் வகை பிடித்தால் ஈரம் சுரக்கும். ஏடிபி செய்யும் வேலையை ஒன்பதாம் நம்பரே செய்கிறது, வறண்ட கண்ணுக்கு இதைவிட்டால் வேறு சொட்டு மருந்து இல்லை என்பது இயக்குநரின் கட்சி. ஏற்பி விழித்துக்கொண்டால், சாயம் ஊட்டிய செல்கள் திரையில் பச்சையாக ஒளிரும். மாப்பிள்ளை மருந்து விட்டார், ஒளிர்ந்தது. அக்கா உப்புநீர் விட்டாள், இருட்டு. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? மாமனார் மூன்று மேடையில் பேசி மாலை வாங்காத குறையாகத் திரும்பி வந்தார்.

வினை காய்ச்சல் ரூபத்தில் வந்தது. மாப்பிள்ளை ஒரு வாரம் படுத்துக்கொள்ள, வேறு வழியில்லாமல் சாவி அக்கா கைக்கு வந்தது. அவள் நாற்பத்தெட்டுக் குழிகளில் மருந்து விட்டாள். ஒன்றுகூட ஒளிரவில்லை.

இயக்குநர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நாலு தடவை செஞ்சு பார்த்தேன் சார். ஒண்ணுமே வரல."

"நாலு தடவை தப்பாப் பண்ணா அது சரியாயிடுமாம்மா? மாப்பிள்ளை தொட்டா எரியுது, நீ தொட்டா அணையுது. மருந்து மேல குத்தமா, கை மேல குத்தமா?"

"கை மேல குத்தம்னா, அது யார் கைன்னு பார்க்கணும் சார்."

அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே ஒரு கடிதம் தயாராகி, அக்கா கண்ணில் படுகிற மாதிரியே அவர் மேஜைமேல் கிடந்தது. கை நடுக்கம் உள்ளவள், நுண்ணிய வேலைக்கு லாயக்கில்லை, வேலையை நீட்டிக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் அனுப்பும் மதிப்பீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனதும் கையெழுத்து. அப்படியொரு கடிதத்தோடு போனால் எந்த ஆய்வுக்கூடத்திலும் கண்ணாடிப் பாத்திரம் கழுவக்கூடச் சேர்க்கமாட்டார்கள்.

காய்ச்சல் தீர்ந்து மாப்பிள்ளை வந்தார். முதல்முறையாக அக்கா அவர் முகத்தைவிட்டு விரலைப் பார்த்தாள். மருந்தை உறிஞ்சிச் சொட்டுவிடும் பிப்பெட் குழாயின் தலையை அவர் அமுக்கிய அமுக்கு, அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்துகிறவன் அமுக்கு. மருந்து சொட்டாக இறங்கவில்லை, பீய்ச்சி அடித்தது. குழியின் தரையில் ஒட்டிக்கிடந்த செல்கள் அந்த வேகத்தில் குலுங்கின.

"தம்பி, என்னிக்காவது நீங்க உப்புத்தண்ணி விட்டிருக்கீங்களா?"

"அதெல்லாம் என் வேலையாக்கா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. "மாமா கேட்டா கோச்சுக்குவார்."

அக்காவுக்கு விளங்கிவிட்டது. செல்லைக் குலுக்கினால் அது தன் ஏடிபியைத் தானே சிந்தும்; பக்கத்துச் செல்லின் ஏற்பி அதைப் பிடித்துக்கொண்டு பச்சையாகக் கத்தும். மருந்துக்கு அதில் பங்கே இல்லை. ஒருவனை ஓங்கி அறைந்துவிட்டு, அவன் அலறியதைப் பாட்டென்று பதிவு செய்த கதை. மருந்துக்கு எப்போதும் மாப்பிள்ளை, உப்புநீருக்கு எப்போதும் அக்கா. இவர்கள் இத்தனை மாதம் அளந்தது மருந்தை அல்ல, இரண்டு கட்டைவிரல்களின் வித்தியாசத்தை. குடும்ப கௌரவம் பார்த்துப் பார்த்து விஞ்ஞானம் பண்ணினால் இப்படித்தான் விளையும்.

வெள்ளிக்கிழமை. மதிப்பீட்டு அம்மா திரைக்கு எதிரே உட்கார்ந்தார். மாப்பிள்ளை சாவியை எடுத்தார். அக்கா முன்னால் வந்தாள்.

"மேடம், இன்னிக்கு ஒருநாள் மாத்திச் செய்யலாமா? மருந்தை நான் விடறேன். உப்புத்தண்ணிய தம்பி விடட்டும்."

"அதிகப்பிரசங்கித்தனம் வேணாம்" என்றார் இயக்குநர்.

"மருந்து நல்ல மருந்துன்னா, கை மாறினா என்ன சார்?" என்று மதிப்பீட்டு அம்மா கேட்டார். "மாத்துங்க."

அக்கா மருந்தைக் குழியின் ஓரமாக வழியவிட்டாள். திரை கருகருவென்று கிடந்தது. மாப்பிள்ளை முகம் சுளித்துக்கொண்டு உப்புநீரை எடுத்து, வழக்கம்போல் ஒரு குத்து. வரிசை முழுக்கப் பச்சை. நல்ல வயல் பச்சை.

"இவ உப்புத்தண்ணில ஏதோ கலந்திருக்கா!" இயக்குநர் எழுந்துவிட்டார்.

"கலக்கல சார். இனிமேதான் கலக்கப் போறேன்." ஏடிபியைக் கண்ட இடத்தில் சிதைக்கும் நொதி அவள் கையில் இருந்தது. அதே உப்புநீரில் கொஞ்சம் விட்டு, மாப்பிள்ளையிடம் நீட்டினாள். "குத்துங்க தம்பி. கூச்சப்படாதீங்க."

அவர் குத்தினார். இருட்டு. இன்னும் பலமாகக் குத்தினார். இருட்டேதான்.

"மாமா, அப்போ மருந்து...?" என்றார் மாப்பிள்ளை.

மாமா ஜன்னலைப் பார்த்தார்.

"எனக்குக் கை நடுங்குதுன்னு லெட்டர் ரெடியா இருக்கு மேடம்," அக்கா சொன்னாள். "மேஜை மேலதான்."

மதிப்பீட்டு அம்மா அதை வரவழைத்துப் படித்தார். ஒரு முறை சிரித்தார். அது அவ்வளவு நல்ல சிரிப்பில்லை. பிறகு இயக்குநர் பக்கம் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார்.

"இவங்க வேலையை நீட்டிச்சு எழுதுங்க. கை சரியா இருக்குன்னும் எழுதுங்க. நான் கிளம்பறதுக்கு முன்னாடி."

இயக்குநர் பேனாவை எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் அமுக்கிய அமுக்கில், இரண்டாவது வரியிலேயே தாள் கிழிந்தது.

"மெதுவா, மாமா" என்றார் மாப்பிள்ளை.