சுஜானியின் ஓம்

கார்ஹிங் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த சுஜானி விளங்காமல் சொன்ன ஒவ்வொரு "ஓம்"மும் அது கேட்ட அறையின் மின்கம்பியில் ஒரு ஓம் தடையாகச் சேர்ந்தது. டோர்ட்மண்டில் பிறந்து வளர்ந்தவள் என்றாலும், பதற்றத்தில் 'ஆம்' என்பதற்கு வீட்டுத் தமிழ்ச் சொல்தான் முந்திக்கொண்டு வரும். விரிவுரையில் "புரிந்ததா?" என்று கேட்பார்கள். அவள் "ஓம்" என்பாள். விளக்குகள் சற்று மங்கும். மின்பணியாளர்கள் வந்து கம்பியை மாற்றினார்கள், மின்மானியை மாற்றினார்கள், தடை குறையவில்லை. ஆய்வுகூட உதவியாளனான மூத்த மாணவன் ஜூலியன் மட்டும் அவளிடம், "எத்தனை ஓம்?" என்று கேட்டுச் சிரிப்பான். தொலைபேசியிலும் அதே கதைதான். "பாடம் எல்லாம் விளங்குதே, பிள்ளை?" என்று அம்மா மகாதேவி கேட்பாள். "ஓமம்மா." டோர்ட்மண்டில் குசினி விளக்கு மங்கும். "நீ கதைச்சாலே இஞ்சை இருட்டுது. கறிக்கு உப்புப் போட்டனோ எண்டே தெரியேல்லை" என்பாள் அம்மா.

மின்னியல் தேர்வில் அவள் இருமுறை தோற்றாள். மூன்றாம் முறையும் தோற்றால் பல்கலைக்கழகத்தை விட்டுப் போக வேண்டும். தேர்வுக்கு முந்திய வாரம் ஜூலியன் ஒரு சிறு மின்குமிழைச் சுற்றில் இணைத்து, மின்னோட்டத்தை விளக்கிவிட்டு, "புரிந்ததா?" என்றான். முதல் ஆண்டு முழுவதும் சேர்ந்த தடையில் குமிழ் சிவந்த நூலாகத்தான் எரிந்தது. இன்னொரு ஓமுக்கு அது அணைந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இல்லை" என்றாள். பிறகு கேட்டாள்: கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நத்தையைவிட மெதுவாக நகர்கின்றன என்றால், ஆளியைத் தட்டிய உடனே விளக்கு எப்படி எரிகிறது?

"நானும் முதலாம் ஆண்டில் இதைக் கேட்க வெட்கப்பட்டேன்" என்றான் ஜூலியன். தண்ணீர் ஏற்கெனவே நிரம்பிய குழாயைத் திறந்தால் மறுமுனையில் உடனே கொட்டுவதைச் சொன்னான். குமிழ் மஞ்சளானது. அவள் நிறுத்தவில்லை. செம்புக் கம்பி ஏன் தேய்வதில்லை? பேராசிரியரின் அறைக்கதவு மூடியிருந்தால் தட்டலாமா? உணவகத்தில் தனியாகச் சாப்பிடுகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்?

"கதவைத் தட்டலாம். உணவகத்தில் என்னோடு உட்காரலாம்" என்றான். செம்புக்குப் பதில் தேட இருவரும் புத்தகத்தைத் திறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் குமிழின் வெளிச்சம் தாங்காமல் கண்ணை மறைத்துக்கொண்டுதான் வாசிக்க முடிந்தது. அதே மாலை டோர்ட்மண்டில் குசினி விளக்கும் பளிச்சென்று எரிய, மகாதேவி குளிர்பெட்டிக்குப் பின்னால் என்றோ விழுந்து கிடந்த தன் தோட்டைக் கண்டெடுத்தாள்.

மூன்றாம் முறை, வாய்மொழித் தேர்வில் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன சுஜானி, ஏன் என்றும் கேட்டாள். தேறினாள். "விளங்குதே?" என்று அம்மா கேட்டபோது, "அரைவாசி விளங்கேல்லையம்மா" என்றாள். "அப்ப கேள், பிள்ளை. அந்தப் பெடியனுக்குத் தின்னப் பற்றிஸ் பொரிச்சுத் தந்துவிடுறன்."

ஆண்டுதோறும் பற்றிஸ் பெட்டி வருகிறது. இப்போது அந்த ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருப்பவள் சுஜானி. விளக்கு மங்கினால் அங்கே யாரும் மின்பணியாளரைக் கூப்பிடுவதில்லை. யாருக்குப் புரியவில்லை என்று கேட்டுவிட்டு, கை உயரும்வரை காத்திருக்கிறார்கள்.