முதுகில் பன்னிரண்டு ஊர்

முந்நூறு கறுப்பு டீ-ஷர்ட் என்பது திருப்பூரில் ஓர் ஆர்டரே இல்லை. வேறு ஆர்டரில் மிஞ்சிய துணி கிடந்ததால் முதலாளி ஆத்தப்பன் ஒத்துக்கொண்டார். கேட்டவர் இங்கிலாந்துக்காரர் கிளைவ், எழுபத்து மூன்று வயது டிரம்மர். அவரோடு பேசும் வேலை ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் ஜெயபாரதிக்கு வந்தது.

ஆர்டர் கொடுக்கும் மற்ற பையர்கள் இரண்டு வரியில் மெயில் அனுப்புவார்கள். கிளைவ் போனில் கதை சொன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் நாலு பேர் சேர்ந்து 'பிரிண்டில் லாம்ப்ஸ்' என்று பேண்ட் ஆரம்பித்தார்களாம். மேடையெல்லாம் கிடையாது. பப்பின் மூலையில், பீர் குடிப்பவர்களின் முழங்கை கிடாரில் இடிக்க, வாரம் ஐந்து நாள் ராக் வாசித்தார்கள். ஓர் இசைத்தட்டு வந்தது. இரண்டாவது வரவிருந்த நேரத்தில் ஜனங்கள் பங்க் இசைப் பக்கம் போய்விட, கம்பெனி இவர்களைக் கைவிட்டது. பாடகர் ராய் தபால்காரர் ஆனார். கிளைவ் பஸ் ஓட்டினார். நாற்பத்தேழு வருஷம் கழித்து யாரோ இளைஞர்கள் அந்தப் பாட்டுகளை இணையத்தில் கண்டெடுத்துக் கொண்டாட, இப்போது பன்னிரண்டு ஊர்களில் கச்சேரி. ஊரும் தேதியும் சட்டை முதுகில் வரவேண்டும். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியாது, எழுத்தைப் பெரிதாக்கு என்று மூன்று முறை சாம்பிளைத் திருப்பினார்.

ஜெயபாரதி கம்பெனி வேனில் வரும்போது ஒரு பாட்டைக் கேட்டாள். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. ராயின் கரகரத்த குரலுக்காக மறுபடியும் கேட்டாள்.

பேக்கிங் நடந்த அன்று சாயங்கால டீ நேரத்தில் கிளைவ் அழைத்தார். ராய் வீட்டுச் சமையலறையில் விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன. அதற்குள் தேறிவிடுவார் என்ற நம்பிக்கையில், முதல் நாலு தேதியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

அவள் ஆத்தப்பனிடம் ஓடினாள். "ஏனுங்க சார், அந்த நாலு வரியை மட்டும் எடுக்க வழியே இல்லீங்களா?"

"அடிச்ச பிரிண்டை எப்படிக் கண்ணு வழிச்செடுக்கறது? நானுந்தான் என்ன பண்ணட்டும்" என்றார் அவர். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

மறுநாள் கிளைவே மறுபடி அழைத்து, இனி எந்தத் தேதியும் இல்லை, ராய் பாட மாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள் என்றார். சட்டைகளை அப்படியே அனுப்பச் சொன்னார். பெட்டிகள் போயின.

மூன்று வாரம் கழித்து ஒரு போட்டோ வந்தது. சக்கர நாற்காலியில் வாய் ஒரு பக்கம் கோணிய ராய். இடது கையில் அந்தச் சட்டையை முதுகுப்பக்கம் தெரியப் பிடித்திருந்தார். கீழே கிளைவ் எழுதியிருந்தார்: "ஒவ்வொரு ஊராக விரலால் தொட்டு, எப்போது கிளம்புகிறோம் என்று சைகையில் கேட்கிறான். நான் என்ன சொல்வது?"

ஜெயபாரதி ஏதோ எழுதினாள், அழித்தாள். நூல் ரகத்துக்கும் கப்பல் தேதிக்கும் போதுமாயிருந்த அவளுடைய இங்கிலீஷ் இங்கே நின்றுவிட்டது. தமிழிலும் யோசித்துப் பார்த்தாள். கடைசியில், சட்டையின் சைஸ் ராய்க்குச் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது.