சுண்டலின் பின்னங்கால்

தட் தட் தட் என்று தரையில் இடிக்கிறது சுண்டலின் பின்னங்கால், காதுக்குக் கீழே அது சொறிகிறபோதெல்லாம் யாரோ கதவைத் தட்டுவதுபோலவே கேட்கும், நான் எழுந்து தாழ்ப்பாள்வரை போய்விடுவேன், யாரும் இல்லட்டி, நாய்தான் சொறியுது, வந்து உக்காரு என்பாள் அக்கா, பங்குனி வந்தால் இதே கூத்துதான், வாசல் வேம்பு பூத்துக் கொட்டியதும் சுண்டலுக்கு அரிப்பு ஆரம்பித்துவிடும், வெளியே போய்விட்டு வந்ததும் அக்கா அதன் கால்களை வாளியில் முக்கிக் கழுவித் துடைப்பாள், என் காலை ஒரு நாளாவது இப்படிப் பிடிச்சு விட்டிருக்கியாக்கா என்று கேட்டால், ஒனக்கும் நாலு கால் இருந்தா பிடிப்பேன் என்று சிரிக்கிறாள், இல்லை, சிரித்தாள், கார்த்திகையில் போய்விட்டாள், எனக்கு அழுகை வரவில்லை, துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நானே காப்பி போட்டுக் கொடுத்தேன், இப்போது மறுபடியும் வேம்பு பூத்திருக்கிறது, கால் கழுவியும் அரிப்பு நிற்கவில்லை, சுண்டல் தன் வயிற்றைக் கடித்துக் கடித்து ரத்தம் கசிகிறது, மாட்டாஸ்பத்திரி டாக்டர் முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, இது சொறி இல்லம்மா, பூத்தூள் இதுக்குச் சேரல, மருந்து தாரேன், ஆனா படுக்குற துணியில தூள் அப்பிக் கிடந்தா மருந்து என்ன செய்யும், அதத் துவைக்கீங்களா என்று கேட்டார்.

அது படுப்பது அக்காவின் நைட்டியில், நீலத்தில் மஞ்சள் பூப்போட்டது, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று அவள் கழற்றிப் போட்டது, அழுக்குக் கூடையிலிருந்து சுண்டல்தான் இழுத்து வந்தது, நான் பிடுங்கவில்லை, மத்தியானங்களில் நானும் தரையில் படுத்து அதன் ஓரத்தில் முகத்தை வைத்துக்கொள்வேன், தைலமும் வியர்வையுமாக அக்கா மிச்சமிருந்தது அந்தத் துணியில் மட்டும்தான், பிறகு ஒரு நாள் மஞ்சள் பூக்களிலும் ரத்தம் பட்டிருந்தது, வெந்நீரில் முக்கினேன், கை சுட்டது, சுடுகிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான், கலங்கிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன், வெளியே காயப்போட்டால் பூ விழுமென்று கூடத்து ஃபேனுக்கடியில் உலர்த்தினேன், விரித்துப் போட்டதும் சுண்டல் மோந்து பார்த்தது, சுற்றிச் சுற்றித் தேடியது, என் முகத்தைப் பார்த்தது, நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், கடைசியில் படுத்துவிட்டது, புண் ஆறிவிட்டது, வீட்டில் சத்தமே இல்லை, நைட்டியில் முகத்தை வைத்தால் சோப்பு வாசனை வருகிறது, கையை நீட்டி அதன் காதுக்குக் கீழே மெல்லச் சொறிந்து விடுகிறேன், பின்னங்கால் தானாக ஆடித் தரையில் இடிக்கிறது, தட் தட் தட், யாரும் இல்லட்டி என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.